பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்து வருதல்



தோட்டத்தில் பள்ளி இருந்த நாளில், மாணவர் சேர்க்கை என்பது பெரிய வேலையாக இருந்ததில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே பள்ளி அமைக்கும் பொறுப்பை 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகத்தின்மேல் வைத்தது. லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் பள்ளி. அண்ணன் புறப்பட்டால் தம்பியும் பின்னாலேயே ஓடி வருவான்.

இன்று நிலைமை வேறு. சுபாங் ஜெயாவையே பாருங்கள். முன்பு அது சீபில்ட் ரப்பர்த் தோட்டம். 1970-களில் வீடமைப்பு தொடங்கியது; மரங்கள் போயின, லயங்களும் போயின. ஆனால் சீபில்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளி அதே பெயரோடு இன்றும் நடக்கிறது. எல்லாத் தோட்டப் பள்ளிகளுக்கும் இந்தப் பேறு கிட்டவில்லை. 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530 அளவில்தான் உள்ளன.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்தக் கற்றோம். பிள்ளைகளை அழைத்து வரக் கற்கவில்லை. ஓராண்டு எங்கள் பள்ளி முதலாம் வகுப்பில் விரல் விட்டு எண்ணும் அளவே பிள்ளைகள் சேர்ந்தார்கள். கோயில் திருவிழாவில் துண்டறிக்கை கொடுத்தோம். தாய்மொழிப் பெருமையை ஒலிபெருக்கியில் பேசினோம். கேட்டவர்கள் தலையசைத்தார்கள். பிள்ளைகள் வரவில்லை.

பிறகுதான் அடுக்குமாடி வீடுகளுக்கு நடந்தோம். தொழிற்சாலை வேலை முடிந்து வந்திருந்த ஒரு தாய் கேட்டார்: “எல்லாம் சரிங்க சார். காலையில் ஆறு மணிக்கே நான் வேலைக்குப் போகணும். பிள்ளையை யார் கொண்டு வந்து விடுவது? மத்தியானம் யார் பார்த்துக்கொள்வது?”

எங்களிடம் பதில் இல்லை. அன்று நாங்கள் மாணவர்களானோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைக் கூட்டி, முதலில் வேனுக்கும், மதியப் பராமரிப்புக்கும் வழி செய்தோம். அடுத்த ஆண்டு அந்தத் தாயே பக்கத்து வீட்டாரையும் அழைத்து வந்தார்.

இது புதிய பாடமன்று. கோலாலம்பூரில் கத்தோலிக்கக் கன்னியர் 1899-இல் தொடங்கிய புக்கிட் நானாஸ் கான்வென்ட்டை நினைத்துப் பாருங்கள். அச்சபையினர் பள்ளியோடு விடுதியும் அனாதை இல்லமும் சேர்த்தே நடத்தியவர்கள். பிள்ளைக்குத் தங்க இடமும் உண்ணச் சோறும் இருந்தால்தானே பாடம் ஏறும்!

வேறு சிலவும் கற்றோம். பிற பள்ளியைக் குறை கூறி நம் பள்ளியை வளர்க்க முடியாது. இயலாததை வாக்களிக்கக் கூடாது. மலாயும் ஆங்கிலமும் வருமா என்று பெற்றோர் கேட்டால் கோபப்படாமல், வகுப்புக்குள் அழைத்துக் காட்ட வேண்டும். பாலர் பள்ளிப் பிள்ளைகளை ஒருநாள் விளையாட அழைத்தால், அவர்களே வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

தாய்மார்களே, தகப்பன்மார்களே! 2003 முதல் தொடக்கக் கல்வி இந்நாட்டில் கட்டாயம். கடைசி நேரம் வரை காத்திராமல் பதிவு செய்யுங்கள். இணையப் பதிவு தெரியாவிட்டால் பள்ளிக்கு வாருங்கள், செய்து தருவார்கள். பிறப்புப் பத்திரச் சிக்கல் இருந்தால், வெட்கப்பட்டுப் பிள்ளையை வீட்டில் வைக்காதீர்கள். தலைமையாசிரியரிடம் உடனே சொல்லுங்கள். உங்கள் குறை எதுவோ, அதைக் கேட்டால்தான் எங்களால் வழி தேட முடியும்.