முதலில் யோசி, அப்புறம் துணி!

(தலைப்பு: ஆபத்தில் கைகொடுப்பது துணிச்சலா? முன்யோசனையா? 'முன்யோசனையே' என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி கேட்டார்: "ஆபத்து வந்தப்புறம் யோசிக்க நேரம் ஏதுங்க? துணிச்சல்தானே வேணும்?" தம்பி, நேரம் இருக்காதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அதனாலதான் முன்கூட்டியே யோசிக்கச் சொல்றோம்! (கைதட்டல்)

அமெரிக்காவில் சில பேர் வீட்டுக் கொட்டகையிலேயே சொந்தமாக விமானம் கட்டுகிறார்கள். நாம கட்டிலைப் பிரிச்சு மாட்டவே ஆசாரியைத் தேடுறோம். அவங்க விமானத்தையே மாட்டுறாங்க! (சிரிப்பு) பாதிக்கு மேல் வேலையை, ஆசைக்காகக் கட்டுகிறவர்களே செய்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. வருஷக்கணக்காக, பெத்த பிள்ளை மாதிரி பார்த்துப் பார்த்துக் கட்டியது.

அது எழும்புது. 300 அடி உயரம். எஞ்சின் நின்னுபோச்சு! என்ன தோணும்? 'பின்னாலேயே ஓடுபாதை இருக்கு, திரும்பிட்டா விமானமும் தப்பும்.' அய்யா, அந்த ஆசைதான் எமன்!

எஞ்சின் நின்றால் விமானம் கல்லு மாதிரி விழாது. உடனே மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றினால், பருந்து மாதிரி சறுக்கி இறங்கும். ஆனால் ஓடுபாதைக்குத் திரும்ப அரை வட்டம் போதாது. புறப்பட்ட கோட்டைப் பிடிக்க 180 டிகிரிக்கும் மேலே திரும்ப வேண்டும். அதற்கு உயரம் ஏது? அவசரத்தில் சாய்த்து இழுத்தால் இன்னும் மோசம். நேராகப் பறக்கையில் மணிக்கு 50 மைல் வரை தாங்குகிற இறக்கை, 60 டிகிரி சாய்ந்து திரும்பும்போது 70 மைலிலேயே கைவிட்டுவிடும்!

அதனால் விவரமான விமானி கிளம்புவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறான்: 'இன்ன உயரத்துக்குக் கீழே எஞ்சின் நின்றால் திரும்ப மாட்டேன். எதிரே இருக்கிற வெட்டவெளியில் இறக்குவேன். விமானம் உடைஞ்சா உடையட்டும், உயிர் மிஞ்சட்டும்.' தன் கையால் கட்டியதை இழக்கத் தரையிலேயே சம்மதிக்கிறான். இதைவிடப் பெரிய துணிச்சல் உண்டா? அதைப் பெற்ற தாய் யார்? முன்யோசனை! (கைதட்டல்)

யோசிக்காமல் போனால்? அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் அனுபவமுள்ள விமானி. வேறொருவர் கட்டிய லாங்-ஈஸி விமானத்தை வாங்கி, 1997 அக்டோபர் 12 அன்று பறந்தார். பெட்ரோல் தொட்டியை மாற்றும் பிடி அவருடைய இடது தோளுக்குப் பின்னால்! பெட்ரோல் நிரப்பட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றார். கலிபோர்னியாக் கடலோரம் தாழ்வாகப் பறக்கையில், அந்தப் பிடியைத் திருப்பப் போய் விமானம் கட்டுப்பாடு இழந்தது என்பது விசாரணை முடிவு. கடலோடு போய்விட்டார். துணிச்சலா குறைவு? தரையில் செலவழிக்க வேண்டிய பத்து நிமிஷம்தான் குறைவு!

குடும்பமும் அப்படித்தான். 'மகள் கல்யாணத்துக்கு இதுக்கு மேல கடன் வாங்க மாட்டேன்'னு வீட்டில் உட்கார்ந்து முடிவு பண்ணணும். மண்டபத்துல நின்னுக்கிட்டு முடிவு பண்ணினா, விமானம் விழுந்த மாதிரிதான்! (சிரிப்பு, கைதட்டல்)

எதை விட்டாலும் எதை விடக்கூடாது என்பதை ஆபத்து வரும் முன்பே தீர்மானிப்பவனே பிழைக்கிறான். ஆகவே, கைகொடுப்பது முன்யோசனையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.