ஊசியும் நூலும் பள்ளியில்



2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது. நல்லதுதான். ஆனால் அந்தப் பையையும் கடையில் வாங்கும் பொருளாகவே பார்க்கிறோம். கைத்தறிச் சேலைக்குப் பேர்போன உறையூர் இந்தப் புத்தூருக்குப் பக்கத்திலேதான். நம் பிள்ளைகளுக்கோ ஊசியில் நூல் கோக்கத் தெரியவில்லை. பித்தான் போனால் ஊக்கு, ஊக்கும் போனால் புதுச்சட்டை!

ஏழாம் வகுப்பில் பழைய வேட்டி கொண்டுவரச் சொன்னேன். ஒன்றரை முழத் துணியை இரண்டாக மடித்து, இருபக்கமும் ஓட்டுத் தையல் போட்டு, வாயை மடித்துத் தைத்துக் காது வைத்தால் பை. மாணவர், மாணவியர் எல்லோரும் தைத்தார்கள். அளவெடுப்பதில் கணக்கும் வந்துவிடுகிறது. ஊசிகளை மட்டும் எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குங்கள்.

"படிக்க அனுப்பினால் தைக்கச் சொல்றீங்களே, சார்?" என்றார் ஒரு தந்தை. நியாயமான கேள்வி. அவரே தையல் கடையில் கூலிக்குத் தைப்பவர். மகனுக்கும் அதே பிழைப்பா என்ற பயம். 1937 வார்தா மாநாட்டில் காந்தியடிகள் சொன்ன ஆதாரக்கல்வியை விளக்கினேன். கைத்தொழில் வழியே பாடம், பாடத்துக்குப் பதிலாக அல்ல என்றேன். முழுமனதாக அவர் ஏற்கவில்லை.

மறுவாரம் அவர் மகன், அறுந்த புத்தகப்பை வாரைத் தானே தைத்து மாட்டி வந்தான். தையல் கோணல்தான். இன்னும் அறவில்லை.