என் முட்டியும் ஒரு புத்தகமும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் மறைமலை நகர் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



‘பெண்கள் ஆரோக்கியம்’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய விஷயம் பேச எனக்குத் தெரியாது. என் முட்டியைப் பற்றித்தான் தெரியும்.

எனக்கு 47 வயசு. பதினோரு வருஷமாக ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. காலையில் போனால் சாயங்காலம் வரை நின்றபடிதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தரையில் உட்கார முடியாமல் போனது. குழுக் கூட்டத்தில் எல்லோரும் ஜமுக்காளத்தில் இருக்க, எனக்கு மட்டும் நாற்காலி. ஏதோ ஆபீசர் மாதிரி! வெட்கப்பட்டு இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. வராததுக்கு அபராதம் பத்து பத்து ரூபாய் கட்டினேன். வைத்தியத்துக்காகக் குழுவில் வாங்கிய 12,000 ரூபாய் ஊசியிலும் மாத்திரையிலும் போய்விட்டது. கடனைக் கட்டி முடித்தேன், வலி அப்படியேதான் இருந்தது. வேலையை விட்டுடலாமா என்றுகூட யோசித்தேன். விட்டால் பொண்ணு படிப்பு என்ன ஆகும்?

அப்போதுதான் பக்கத்து வீட்டம்மா ஒரு புத்தகம் கொடுத்தாங்க. வேதாத்திரி மகரிஷியின் எளிய முறை உடற்பயிற்சி. அவர் யாரோ தூரத்து ஊர்க்காரர் என்று நினைத்திருந்தேன். நம்ம பக்கத்து கூடுவாஞ்சேரியில் 1911-இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவராம். அவரும் தறியில் உட்கார்ந்து உழைத்தவர்தானாம். அதைக் கேட்டதும் புத்தகத்தின் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் சிரிச்சார். “நாள் பூரா நிக்கிற, குனியிற, அண்டா தூக்குற. உனக்கு எதுக்குத் தனியா எக்சர்சைஸ்?” எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

புத்தகத்தில் கைப் பயிற்சி, கால் பயிற்சி என்று வரிசையாக இருந்தது. அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று தள்ளிவிட்டு நேராகக் கபாலபதிக்குப் போனேன். நான் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள். வேகவேகமாக மூச்சை விட்டதில் தலை சுற்றி, கேஸ் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதோடு விட்டேனா? மறுநாள் காலை மடக்கி வஜ்ராசனத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முட்டி வீங்கி இரண்டு நாள் சம்பளம் போனது. தப்பு புத்தகத்தின் மேல் இல்லை, நான் படித்த லட்சணம் அது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்தது உங்களுக்குத் தெரியும். நம்ம குழுப் பெண்களே அதில் தன்னார்வலர்களாக இருக்காங்க. பிரஷர் மாத்திரை கொடுக்க வந்த தங்கச்சி வீங்கின முட்டியைப் பார்த்துவிட்டு, பிசியோதெரபி செய்கிற அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்தாள். அவங்க தரையில் உட்கார்ந்து, பென்சிலோடு என் புத்தகத்தைப் புரட்டினாங்க. கைப் பயிற்சிக்கு டிக். கால் பயிற்சிக்கு டிக், ஆனால் வலிக்கும் இடத்தில் நிறுத்தணும். வஜ்ராசனத்துக்கும் கபாலபதிக்கும் பெரிய பெருக்கல் குறி. ஓரத்தில் புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் எழுதினாங்க. அதைச் சொல்கிறேன், கேளுங்க.

காலை நீட்டி உட்காரணும். ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைக்கணும். முட்டியால் துண்டைக் கீழே அழுத்தி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, விடணும். மூச்சை அடக்கக் கூடாது. ஒவ்வொரு காலுக்கும் பத்து தடவை. தரையில் உட்கார முடியாதவர்கள் கட்டிலில் செய்யலாம்.

“நாள் பூரா நிக்கிறேனே, அது பத்தாதாம்மா?” என்று கேட்டேன். நிற்கும்போது பாரம் முட்டியில் இறங்குது, தொடைச் சதைக்கு அதனால் பலம் ஏறாது என்றாங்க. அந்தச் சதை பலமாக இருந்தால் பாரத்தில் ஒரு பங்கை அது தாங்கிக்கொள்ளுமாம். என் வீட்டுக்காரரும் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

எங்களுடையது ஒற்றை ரூம் வீடு. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான் இடம். காலை 4.50-க்கு, பொண்ணு முழிக்கும் முன்னால், முதலில் பத்து நிமிடம் செய்தேன். இப்போது அரை மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் உடற்பயிற்சி என்கிறது. அரை மணி நேரமாக ஐந்து நாள் செய்தால் கணக்கு சரியாக வருது. செய்த நாளுக்குக் காலண்டரில் ஒரு புள்ளி வைப்பேன். மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்த மாசம் நாலே புள்ளி.

இரண்டு மாசம் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாவது மாசம் அண்டாவை இறக்கிவிட்டு நிமிரும்போது ‘அம்மா’ என்று கத்தவில்லை. கூட இருந்தவங்கதான் கவனிச்சுச் சொன்னாங்க. இப்போது ரயில் நிலையப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் ஏறுகிறேன். மழைக்காலத்தில் இன்னும் வலிக்குது. டாக்டர் தேய்மானம் என்று சொன்னது அப்படியேதான் இருக்கு. ஆனால் ஊசி போட்டு ஒரு வருஷம் ஆச்சு, வேலையையும் விடவில்லை. போன மாசக் கூட்டத்தில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்துதான் கையெழுத்துப் போட்டேன். எழுந்திருக்க மட்டும் செவரு வேணும்.

அந்தப் புத்தகத்துக்கு அட்டை போட்டு இன்று கொண்டுவந்திருக்கிறேன். பக்கத்து வீட்டம்மா சம்மதத்தோடு கூட்டமைப்பு அலுவலகத்தில் வைக்கிறேன். ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு எடுத்துப் போங்க. அதில் உள்ள பென்சில் குறி என் முட்டிக்குப் போட்டது, உங்க முட்டிக்கு உங்க பகுதித் தன்னார்வலரிடம் கேளுங்க. பதினைந்து நாளில் திருப்பித் தராவிட்டால் அபராதம் பத்து ரூபாய்!