கண்ணின் நோயும் குடலின் உயிர்களும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கண்ணைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நான் வயிற்றையும் உடன் சேர்த்துக்கொள்ளப் போகிறேன். பொருள் மாறிவிட்டதென்று எண்ண வேண்டா.

சக்குபள்ளத்து ஏலத்தோட்டங்களில் கண் சிவந்தால் நமக்குத் தோன்றும் காரணங்கள் இரண்டே: ஒன்று மருந்தடிப்பு, மற்றொன்று ‘மெட்ராஸ் ஐ’. மெட்ராஸ் ஐ வந்த கண்ணில் பீளை தள்ளும். காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் சில நாளில் தானே தணியும். வேறொரு சிவப்பும் உண்டு. அதில் பீளை இராது. கருவிழியைச் சுற்றிச் சிவந்து, வெளிச்சம் பட்டால் கூசி, உள்ளே வலித்து, பார்வை மங்கும். இதனை யுவியைட்டிஸ் என்பர். கண்ணின் நடுப்படலத்தில் உண்டாகும் அழற்சி இது. காலந்தாழ்த்தினால் புரையும் கண்ணழுத்தமும் தொடர்ந்து பார்வையே பறிபோகலாம்.

இதற்குக் காரணம் பல. 1993-ஆம் ஆண்டு மழைவெள்ளத்திற்குப் பின் மதுரை வட்டாரத்தில் பலருக்கு இந்நோய் கண்டது. எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் லெப்டோஸ்பைரா கிருமியே அதற்குக் காரணம் என்று அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் கண்டனர். காசநோயாலும் வரும். ஆயினும், எந்தக் கிருமியும் அகப்படாத நோயாளிகளும் பலர். அவர்களுக்கு, உடலைக் காக்கவேண்டிய வெள்ளணுக்களே கண்ணைத் தாக்குகின்றன.

கண்ணின் உட்புறம் ஒரு கோட்டை. வெள்ளணுக்கள் எளிதில் உள்ளே புகுவதில்லை. கண்ணையே காணாத வெள்ளணு, அதனைப் பகையென்று எங்கே கற்றது? அமெரிக்கத் தேசியக் கண் ஆய்வு நிலையத்தில் ரேச்சல் காஸ்பியின் குழுவினர் 2015-இல் ஒரு விடை வெளியிட்டனர். இந்நோய் தானே தோன்றும் சுண்டெலிகளில், வெள்ளணுக்கள் குடலிலேயே கிளர்ந்தெழுந்தன. அங்கு வாழும் நுண்ணுயிர்களின் ஏதோ ஒரு பொருள் விழித்திரைப் புரதத்தை ஒத்திருந்து அவற்றைத் தூண்டியிருக்கலாம். நுண்ணுயிர்களை மருந்தால் குறைத்தபோது கண்ணோயும் குறைந்தது. வயிற்றில் மூண்ட சண்டை கண்ணில் வந்து வெடிக்கிறது!

மனிதரிடத்தும் இதனைத் தேடினர். ஐதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவ நிலையத்தார் நோயாளிகள் 13 பேரையும் நலமுற்றோர் 13 பேரையும் ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்டனர். நோயாளிகளின் குடலில், அழற்சியைத் தணிக்கும் நுண்ணுயிர் வகைகள் குறைந்திருந்தன.

இதைக் கேட்டவுடன் ‘குடல் கழுவும் மருந்து’ விற்க ஒருவர் புறப்படுவார். வாங்காதீர்கள். அக்குறைவு நோயைக் கொணர்ந்ததா, நோய்தான் குறைவைக் கொணர்ந்ததா என்பது அவ்வாய்வால் விளங்காது. தயிரும் பழங்கஞ்சியும் தாராளமாய் உண்ணலாம். ஆனால் அவை கண்மருந்துக்கு ஈடாகா. இன்று அழற்சியைத் தணிக்கப் பெரிதும் பயன்படுவது ஸ்டீராய்டு சொட்டுமருந்து. அதனையும் மருத்துவரைக் காணாமல் கடையில் வாங்கி விடலாகாது. கண்ணில் கிருமிப்புண் இருந்தால் அது பெருகும். நெடுநாள் விட்டால் கண்ணழுத்தம் ஏறும். தாய்ப்பாலும் பச்சிலைச் சாறும் கண்ணில் பிழிவதைப் பாட்டிமார் மன்னித்து நிறுத்தவேண்டும்.

ஒருநாட் கூலியை இழந்து, குமுளி வழியே மலையிறங்கித் தேனி வரை செல்பவர் கண்ணை மட்டும் காட்டித் திரும்பாதீர்கள். விடியலில் இடுப்பும் முதுகும் விறைக்கிறதா, நெடுநாளாக வயிற்றுப்போக்கு உண்டா, மலத்தில் இரத்தம் கண்டதா என்பவற்றை மருத்துவர் கேளாவிடினும் சொல்லுங்கள். முதுகெலும்பு மூட்டழற்சியும் குடலழற்சியும் இக்கண்ணோயுடன் சேர்ந்து வருவதுண்டு. பெண்கள் இதனைச் சொல்ல நாணுவர். உடன் செல்பவராவது சொல்லவேண்டும்.