ஆசாரியைக் கூப்பிடும் முன்

(குடுபல்லியில், புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்கள் கூட்டத்தில் ஒரு தச்சர் பேசியது)



நான் தச்சு வேலை செய்கிறவன். தமிழில் என்னை ஆசாரி என்பார்கள். தெலுங்கில் வட்ரங்கி. ரயில் ஏறிப் பங்காருப்பேட்டைப் பக்கம் போனால் படகி. மூன்றில் எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன்.

எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "ஒரு கதவுக்கு என்ன ஆகும்?"

அதற்கு ஒரு வார்த்தையில் பதில் இல்லை. என்ன மரம்? எத்தனை கன அடி? மரம் யார் வாங்குவது? கீல், தாழ்ப்பாள் யார் செலவு? இது எதையும் கேட்காமல் விலை சொல்லும் ஆசாரியை நம்ப வேண்டாம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் கதையைக் கேளுங்கள். அப்போது எனக்கு 22 வயது. பக்கத்து ஊரில் ஒரு பெரியம்மா புது வீடு கட்டினார். குடிபுக இருபது நாள்தான் இருந்தது. தோட்டத்து வேப்பமரத்தை அப்போதுதான் வெட்டியிருந்தார். பச்சை மரம். "இதிலேயே செய்துவிடு, தம்பி" என்றார். ஈரம் காயவில்லை என்று எனக்குத் தெரியும். சொன்னால் வேலை கை நழுவிப் போகுமே! வாயை மூடிக்கொண்டேன்.

தை மாதம் கதவு மாட்டினேன். பங்குனி வெயிலில் பலகை சுருங்கியது. இரண்டு பலகைக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்குச் சந்து விழுந்தது. மீதிக் கூலியைத் தர மாட்டேன் என்றார் பெரியம்மா. "நீங்கள்தானே பச்சை மரத்தில் செய்யச் சொன்னீர்கள்?" என்றேன். "காயாத மரம் என்று நீ ஏன் சொல்லவில்லை?" என்றார். அவர் கேட்டது நியாயம். ஆனால் கூலி எவ்வளவு பேசினோம் என்பதிலும் சண்டை வந்தது. ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இருவருக்கும் எழுதத் தெரியாது. எனக்குப் பதினெட்டு நாள் கூலி போனது. அவருக்கு மரம் போனது. அவர் சாகும்வரை எங்களுக்குள் பேச்சு இல்லை.

அதனால் முதலில் மரத்தைப் பாருங்கள். மரம் காயும்போது அகலத்தில் சுருங்கும். நீளத்தில் அவ்வளவாகச் சுருங்காது. பச்சை மரம் என்றால் முதலில் பலகையாக அறுங்கள். நிழலில், இடையிடையே குச்சி வைத்து அடுக்குங்கள். நடுவே காற்று போகட்டும். வெட்டு முனைகளில் பெயிண்ட் பூசினால் வெடிப்பது குறையும். ஓர் அங்குலப் பலகை காயவே சில மாதம் ஆகும். வீடு கட்ட நினைத்த அன்றே மரத்தை அறுத்து வைப்பவர் புத்திசாலி.

இன்னொன்று. மரத்தின் ஓரத்தில் வெளுத்து இருப்பது வெளிறு. நடுவில் நிறம் அடர்ந்து இருப்பது வைரம். வெளிறு சீக்கிரம் உளுத்துப் போகும். வைரம் தாங்கும். விலை குறைவாகச் சொன்னால், பலகையில் வெளிறு எவ்வளவு என்று பாருங்கள்.

இப்போது கணக்கு. நான் போர்டில் எழுதுகிறேன். நீங்கள் நோட்டில் எழுதுங்கள்.

ஒரு வாசக்கால். கட்டை 5 அங்குல அகலம், 3 அங்குலக் கனம். நிற்கும் கால் இரண்டு, ஒவ்வொன்றும் 7 அடி. மேலும் கீழும் படுக்கும் கட்டை இரண்டு, ஒவ்வொன்றும் மூன்றரை அடி. மொத்த நீளம் 21 அடி.

5 × 3 = 15
15 × 21 = 315
315 ÷ 144 = 2.19

ஏன் 144? ஓர் அடிக்கு 12 அங்குலம். 12 × 12 = 144. அவ்வளவுதான்.

ஆக, இரண்டே கால் கன அடிக்குச் சற்றுக் குறைவு. இழைக்கும்போது மரம் கொஞ்சம் தேயும். அதற்காக ஆசாரி சிறிது கூடுதலாகக் கேட்டால் கொடுக்கலாம். சீட்டில் மூன்று கன அடி என்று இருந்தால் கேள்வி கேளுங்கள். "சீட்டு தெலுங்கில் இருக்கிறது, எனக்குத் தமிழ்தான் தெரியும்" என்று தயங்க வேண்டாம். நம் பக்கத்துக் கடைச் சீட்டில் எழுத்து எதுவானாலும் எண் ஒன்றுதான். எண்ணைப் படியுங்கள்.

மலிவாகச் செம்மரம் தருகிறேன் என்று யாராவது வந்தால் பக்கத்தில் சேர்க்காதீர்கள். காட்டில் திருடிய மரத்தை வாங்கினால் நீங்களும் வழக்கில் சிக்குவீர்கள்.

பேசி முடித்ததைச் சீட்டில் எழுதுங்கள். நான் இப்போது எழுதுவது இப்படி:

"வாசல் கதவு 1. காய்ந்த வேப்பமரம். மரமும் கீலும் வீட்டுக்காரர் வாங்குவார். கூலி மொத்தமாகப் பேசியது. முன்பணம் இவ்வளவு. வாசக்கால் நின்றதும் பாதி. கதவு மாட்டியதும் மீதி. முடிக்கும் நாள் இது."

இரண்டு சீட்டு. இருவரும் கையெழுத்து. கூலி முழுவதையும் முதலிலேயே கொடுக்காதீர்கள். அதேபோல், வேலை முடிந்தபின் "நாளை வா, நாளை வா" என்று ஆசாரியை அலைய விடாதீர்கள். அவர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும்.

திருப்பதி மாவட்டத்தில் மாதவமாலா என்று ஓர் ஊர். மரச் சிற்பத்துக்குப் பெயர் போனது. நமக்கு அந்த நகாசு வேண்டாம். மூடினால் மூடுகிற கதவு போதும்.

இனி நீங்கள் கேட்டவை. மழைக்காலத்தில் கதவு பிடிக்கிறது, இழைத்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். ஈரம் குடித்து உப்பியிருக்கிறது. இப்போது இழைத்தால் கோடையில் சந்து விழும். வெயில் வரட்டும். அப்போதும் பிடித்தால், பிடிக்கும் இடத்தை மட்டும் இழைக்கச் சொல்லுங்கள். இழைத்த இடத்தில் பெயிண்ட் பூச மறக்காதீர்கள்.

கதவு தொங்கிப்போய்த் தரையில் உரசுகிறதா? முதலில் மேல் கீலைப் பாருங்கள். பெரும்பாலும் திருகாணி தளர்ந்திருக்கும். ஆணியைக் கழற்றி, ஓட்டையில் மரக்குச்சியைப் பசை தடவி அடியுங்கள். பசை காய்ந்தபின் ஆணியை மறுபடி முடுக்குங்கள். இதற்கு ஆசாரியே வேண்டாம். என் பிழைப்பை நானே கெடுத்துக்கொள்கிறேன்!

கரையானா? அது மண்ணிலிருந்து ஏறும். சுவரில் மண் கோடு தெரியும். அதை அன்றன்றே சுரண்டுங்கள். வாசக்காலின் அடி ஈர மண்ணில் புதைந்திருக்கக் கூடாது.

பின்வரிசையில் ஓர் அம்மா கேட்டார், மீதித் துண்டு யாருக்கு என்று. மரம் உங்கள் பணம் என்றால் துண்டும் உங்களுடையது. சில ஊரில் ஆசாரி எடுத்துக்கொள்வது வழக்கம். அதையும் சீட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள், அம்மா. இழைப்புச் சுருளை மட்டும் நானே உங்கள் அடுப்பங்கரையில் கொண்டுவந்து போடுகிறேன்.