விழுந்து அடிபட்ட முழங்கால் இன்னும் நோகிறதா?

(எமது நிலையத்தில் நடந்த சுகாதார ஆலோசனைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இங்கிலாந்துக்கு வந்து முதல் குளிர்காலத்தில் வழுக்கி விழாதவர்கள் எங்கட ஆட்களில் குறைவு. ஒரு தம்பி பனி உறைந்த படியில் கால் திருகுப்பட்டு விழுந்தார். அன்றிரவே முழங்கால் வீங்கிவிட்டது. எண்ணெய் பூசித் தேய்த்துக்கொண்டு அறையிலேயே இருந்தார். நாலு மாதம் கழித்து எங்களிடம் வரும்போது அவருக்குப் படி இறங்க ஏலாது. "ஏன் தம்பி டொக்டரிட்ட போகேல்லை?" என்று கேட்டேன். "காசு கேட்பினம், ஹோம் ஒஃபிசுக்கு அறிவிப்பினம் எண்டு பயந்திட்டன்" என்றார்.

இந்தப் பயம் உங்களுக்கும் இருந்தால் இன்றைக்கே விட்டுவிடுங்கள். ஜீ.பி. என்கிற குடும்ப வைத்தியரைப் பார்க்க இங்கு எவருக்கும் கட்டணம் இல்லை. பதிவு செய்ய விசாவோ, பாஸ்போட்டோ, விலாசக் கடிதமோ கட்டாயம் இல்லை. தஞ்சக் கோரிக்கை பரிசீலனையில் இருக்கும்வரை ஆஸ்பத்திரிச் சிகிச்சையும் இலவசம். டொக்டர் உங்கள் கேசைத் தீர்மானிப்பவர் அல்ல.

விழுந்தவுடன் செய்ய வேண்டியது: காலுக்கு ஓய்வு கொடுங்கள். ஐஸ் பையை அல்லது குளிர்பெட்டியில் உள்ள பட்டாணிப் பையைத் துவாயில் சுற்றி 20 நிமிடம் வையுங்கள். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்யலாம். உட்காரும்போது காலைத் தலையணையில் உயர்த்தி வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய் தேய்ப்பதும் சுடு ஒத்தடமும் வேண்டாம்; வீக்கம் கூடும். நோவுக்குப் பரசிற்றமோல் போடலாம். வளர்ந்தவர் 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது.

பின்வருவன இருந்தால் காத்திருக்காதீர்கள். உடனே 111க்கு அழையுங்கள், அல்லது ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்:

- காலை ஊன்றி நாலு அடிகூட வைக்க முடியவில்லை
- முழங்காலின் வடிவம் மாறியிருக்கிறது
- கடுமையான நோ, அல்லது விழுந்த கொஞ்ச நேரத்திலேயே பெரிய வீக்கம்
- மூட்டு சூடாகிச் சிவந்து, காய்ச்சல், நடுக்கம்
- கெண்டைக்கால் வீங்கி நோகிறது (இரத்தக்கட்டியாக இருக்கலாம். இதோடு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு நொந்தாலோ 999)

இவை இல்லை, ஆனால் சில வாரம் ஆகியும் நோ மாறவில்லையா? கால் மடங்கி விழப் பார்க்கிறதா? நீட்டவோ மடக்கவோ முடியாமல் இடையில் இறுகிக்கொள்கிறதா? ஜீ.பி.யிடம் போங்கள். மூட்டுக்குள் இருக்கும் சவ்வோ, எலும்புகளைப் பிடித்திருக்கும் நாரோ கிழிந்திருக்கலாம். இவை எக்ஸ்ரேயில் தெரியாது. ஆகவே "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை" என்று முன்பு சொல்லியிருந்தாலும், நோ தொடர்ந்தால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். பலருக்குப் பிஸியோதெரபிப் பயிற்சியே போதும். பயிற்சியை வீட்டிலும் விடாமல் செய்யவேண்டும். அந்தத் தம்பியும் இப்போது அதைத்தான் செய்கிறார். முதல் வாரமே போயிருந்தால் நாலு மாதம் நொந்திருக்கத் தேவையில்லை.

மொழி தெரியாதே என்று தயங்காதீர்கள். நேரம் பதியும்போதே "தமிழ் இன்டர்பிரிட்டர் பிளீஸ்" என்று கேளுங்கள், இலவசம். பிள்ளைகளை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகாதீர்கள். எப்போது விழுந்தீர்கள், எப்படித் திருகியது, எதைச் செய்தால் நோகிறது என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

ஒரு முக்கியமான விடயம். சிலருக்கு இந்த முழங்கால் ஊரிலேயே, தடுப்பில் அடிபட்ட கால். அதை மறைத்து "விழுந்தது" என்று மட்டும் சொல்லாதீர்கள். பழைய காயம் தெரிந்தால்தான் சரியான வைத்தியம் செய்ய முடியும். நீங்கள் சொல்வது உங்கள் மருத்துவப் பதிவேட்டில் எழுதப்படும். அதைப்பற்றி உங்கள் சட்டத்தரணியிடமும் சொல்லுங்கள். பெண்கள் பெண் டொக்டரைக் கேட்கலாம்.

மருந்துக் கட்டணம் கட்டாமல் இருக்க எச்.சி.2 சான்றிதழ் தேவை. ஹோம் ஒஃபிஸ் உதவித்தொகை பெறுபவர்களுக்கு அது கிடைக்கும். மற்றவர்கள் எச்.சி.1 படிவம் நிரப்பவேண்டும். படிவத்தை இங்கே கொண்டு வாருங்கள், சேர்ந்து நிரப்புவோம்.

நோவைப் பொறுத்துக்கொள்ள நாங்கள் நல்லாய்ப் பழகிவிட்டோம். இங்கே அது தேவையில்லை.