மேலும் கீழும் இல்லாத வானம்

(தொழிற்சங்க வாசகசாலையில் ஞாயிறு மாலை நிகழ்த்திய உரை)

தோழர்களே!

போன மாதக் கூட்டத்தில் ஜியார்டனோ புருனோ என்ற இத்தாலியத் தத்துவஞானியைப் பற்றி நாம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னோம். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னதற்காக அவரை உயிரோடு கொளுத்தினார்கள் என்றோம். கூட்டம் கலைந்த பிறகு, நூற்புப் பகுதியில் வேலை பார்க்கும் வயதான தோழர் ஒருவர் நம்மிடம் வந்தார். "அதைக் கோபர்நிகஸ் முன்னாலேயே சொல்லிவிட்டாரே, அவரை யாரும் கொளுத்தவில்லையே. இவரை மட்டும் ஏன் கொளுத்தினார்கள்?" என்று கேட்டார். நமக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்தது போல் மேடையில் பேசுவது தவறு. ஆகவே இந்த ஒரு மாதமாகக் கிடைத்த நேரத்தில் படித்தோம். அவருடைய கேள்விக்குப் பதில்தான் இன்றைய பேச்சு.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் பிரபஞ்சத்தைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று முதலில் பார்ப்போம். பூமி நடுவில் அசையாமல் இருக்கிறது. அதைச் சுற்றி வெங்காயத் தோல்கள் போல ஒன்றின் மேல் ஒன்றாகக் கோளங்கள். சந்திரனுக்கு ஒன்று, சூரியனுக்கு ஒன்று, கிரகங்களுக்கு ஒவ்வொன்று, கடைசியில் நட்சத்திரங்கள் எல்லாம் பதிந்த ஒரு கோளம். அதற்கு அப்பால் பரலோகம். சந்திரனுக்குக் கீழே இருப்பவை மண், நீர், காற்று, நெருப்பு ஆகிய நான்கால் ஆனவை, அழியக் கூடியவை. சந்திரனுக்கு மேலே இருப்பது அழிவில்லாத ஐந்தாவது பொருள். கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் சொன்ன இந்தக் கணக்கைத்தான் சர்வகலாசாலைகளில் பாடமாக நடத்தினார்கள். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வானத்திலேயே உயர்ந்த இடம், தாழ்ந்த இடம் என்று வகுத்து வைத்திருந்தார்கள்.

1543ல் கோபர்நிகஸின் புத்தகம் வெளிவந்தது. பூமியை நடுவிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் சூரியனை வைத்தார். ஆனால் நட்சத்திரக் கோளம் என்ற கடைசிச் சுவரை அவர் இடிக்கவில்லை. கணித நிபுணர்களுக்காக லத்தீனில் எழுதினார். புத்தகம் வந்த அதே வருஷம் காலமானார். ரோமாபுரி அந்தப் புத்தகத்துக்குத் தடை போட்டது 1616ல்தான்.

புருனோ பிறந்தது 1548ல், நேப்பிள்ஸ் நகருக்குப் பக்கத்தில் உள்ள நோலா என்ற ஊரில். தகப்பனார் ஒரு சிப்பாய். 17 வயதில் டொமினிக்கன் மடத்தில் சேர்ந்து, பிறகு குருப்பட்டமும் பெற்றார். ஆனால் தடை செய்யப்பட்ட நூல்களைப் படித்தார், கேட்கக் கூடாத கேள்விகளைக் கேட்டார். விசாரணை வரும் என்று தெரிந்ததும், ஒளித்து வைத்திருந்த புத்தகங்களைக் கழிவறையில் எறிந்துவிட்டு 1576ல் ஊரை விட்டு ஓடினார்.

அதற்குப் பிறகு ஊர் ஊராக அலைச்சல்தான். ஜெனீவாவில் ஒரு பேராசிரியரின் பிழைகளைப் பட்டியல் போட்டு அச்சிட்டதற்காகக் கைதானார். பாரிஸ், லண்டன், விட்டன்பர்க், பிராக், பிராங்பர்ட் என்று பாடம் சொல்லிப் பிழைத்தார். கத்தோலிக்கர், கால்வின் வழியினர், லூதர் வழியினர் ஆகிய மூன்று சபையாரும் அவரை விலக்கி வைத்தார்கள்.

1584ல் லண்டனில் இருந்தபோது தம் முக்கியமான நூல்களை வெளியிட்டார். லத்தீனில் எழுதவில்லை, தாய்மொழியான இத்தாலியனில் எழுதினார். பூமி ஓடினால், மேலிருந்து போட்ட கல் பின்தங்கி விழ வேண்டாமா என்று பண்டிதர்கள் கேட்டார்கள். ஓடும் கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து கல்லைப் போட்டால் அது மரத்தின் அடியிலேதான் விழும் என்று பதில் சொன்னார். நீங்களும் ஓடும் ரயிலில் ஓர் எலுமிச்சம்பழத்தை மேலே எறிந்து பாருங்கள். அது உங்கள் கைக்கே திரும்பி வரும்.

அடுத்து அந்தக் கடைசிச் சுவரையும் இடித்தார். சூரியன் ஒரு நட்சத்திரம், நட்சத்திரங்கள் எல்லாம் சூரியன்கள் என்றார். வாசலில் எரியும் விளக்கு பெரிதாகத் தெரியும். ஏரிக்கரையில் எரியும் அதே விளக்கு புள்ளியாகத் தெரியும். அந்தச் சூரியன்களையும் பூமிகள் சுற்றுகின்றன. சிறியவை, ஒளி மங்கியவை, அதனால் நம் கண்ணுக்குப் படவில்லை. பிரபஞ்சத்துக்கு எல்லை இல்லை, ஆகவே நடுவும் இல்லை. எல்லா இடத்திலும் இருப்பது ஒரே பொருள்தான். இதுதான் அவர் வாதம்.

இதையெல்லாம் அவர் தனியாகக் கண்டுபிடித்துவிடவில்லை. ரோமானியக் கவி லுக்ரீஷியஸ், ஜெர்மானியரான கூசா நிக்கோலஸ் போன்றவர்களிடம் நிறையக் கற்றார். 1576லேயே இங்கிலாந்தில் டிக்ஸ் என்பவர் நட்சத்திரங்களை எல்லையற்ற வெளியில் சிதறி வரைந்து காட்டினார். புருனோவிடம் தொலைநோக்கி கிடையாது. அவர் எதையும் அளந்து பார்த்தவரும் அல்ல. நட்சத்திரங்களுக்கு உயிர் உண்டு என்று நம்பினார். மந்திர வித்தையிலும் அவருக்கு நாட்டம் இருந்தது. அவர் நாத்திகரும் அல்ல. எல்லையற்ற கடவுள் எல்லையுள்ள உலகத்தையா படைத்திருப்பார் என்பதே அவர் வாதங்களில் ஒன்று. நமக்குப் பிடித்தவர் என்பதற்காக இதையெல்லாம் மறைக்கக் கூடாது.

1591ல் வெனிஸ் நகரப் பிரபு மொசெனிகோ, ஞாபக வித்தை கற்றுக் கொடுக்கும்படி அவரை அழைத்தான். போனார். மறு வருஷம் மே மாதம் அதே பிரபு அவரைக் காட்டிக் கொடுத்தான். வெனிஸ் விசாரணையில் புருனோ மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். ஆம் தோழர்களே, அவரும் பயந்தார். 1593ல் அவரை ரோமாபுரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஏழு வருஷம் சிறை. இடையில் விட்டுக் கொடுப்பதாகச் சொன்னார், பிறகு மறுத்தார். 1599 டிசம்பர் 21ல், கைவிட வேண்டியது தம்மிடம் எதுவும் இல்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

தீர்ப்பு 1600 பிப்ரவரி 8ல் வந்தது. தீர்ப்பைக் கேட்கும் தம்மைவிட அதைச் சொல்பவர்களுக்கே பயம் அதிகம் இருக்கலாம் என்று அவர் நீதிபதிகளிடம் சொன்னாராம். இதை எழுதி வைத்த ஸ்கோப் என்ற ஜெர்மானியர் புருனோவுக்கு எதிரி. பிப்ரவரி 17ந் தேதி, பேச முடியாதபடி நாவைக் கட்டி, காம்போ தெ ஃபியோரி என்ற திடலில் அவரைக் கொளுத்தினார்கள்.

இப்போது அந்தத் தோழரின் கேள்விக்கு வருவோம். விசாரணைக் காகிதங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. அவற்றின் சுருக்கம் ஒன்று கிடைத்து 1942ல் அச்சாயிற்று. அதைப் பார்த்தால் குற்றச்சாட்டுகள் பல. கடவுளின் மூன்று நிலைகள், கிறிஸ்துவின் தெய்வத்தன்மை, பூசை அப்பம் ஆகியவை பற்றிய ஐயங்கள் முதலில் வருகின்றன. உலகங்கள் பல என்பதும் அவற்றோடு இருக்கிறது. ஆகவே பூமி சுற்றுவதற்காக மட்டும் கொளுத்தினார்கள் என்று நாம் சொன்னது பிழை. கோபர்நிகஸ் நடுவிடத்தை மாற்றி வைத்தார். புருனோவோ நடுவிடமே இல்லை என்றார். எதைப் பற்றியும் கேட்கலாம் என்றார். கடைசியில் அதைக் கைவிடவும் மறுத்தார். இதுதான் நமக்குக் கிடைத்த பதில்.

1603ல் அவர் நூல்களை எல்லாம் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனாலும் கெப்ளர் 1610ல் கலிலியோவுக்கு எழுதிய நூலில் புருனோவின் பெயரைச் சொல்லி வாதம் செய்கிறார். 1838ல் பெஸ்ஸல் ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை அளந்தார். அங்கிருந்து வெளிச்சம் நம்மிடம் வந்து சேரச் சுமார் 11 வருஷம் ஆகிறது. 1859ஐ ஒட்டிக் கிர்க்காஃப் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தார். அதில் இரும்பு தெரிந்தது, சோடியம் தெரிந்தது. உங்கள் கதிர் அரிவாளில் இருக்கும் இரும்பு, நம் கஞ்சியில் போடும் உப்பில் உள்ள சோடியம்! 1995ல் மேயரும் கெலோசும், சூரியனைப் போன்ற வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகத்தைக் கண்டார்கள். 2022 மார்ச்சுக்குள் அப்படிப்பட்ட கிரகங்களின் கணக்கு 5,000ஐத் தாண்டியது. பிரபஞ்சம் எல்லையற்றதா என்பதை விஞ்ஞானம் இன்னும் முடிவு கட்டவில்லை. ஆனால் அதற்கு நடுவிடம் கிடையாது என்பது இன்றைய விஞ்ஞானத்தின் பாடம்.

கொளுத்திய திடலிலேயே 1889ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். அதைச் சுற்றி இப்போது காய்கறிச் சந்தை நடக்கிறது. 2000ல் வாட்டிகனின் சார்பில் ஒரு கார்டினல் அந்த மரணத்துக்கு வருத்தம் தெரிவித்தார். நானூறு வருஷம் ஆயிற்று.

தோழர்களே, இன்றிரவு ஷிப்டு முடிந்து வரும்போதோ, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும்போதோ தலை நிமிர்ந்து பாருங்கள். அங்கே மேலிடம் என்று ஒன்று கிடையாது. அந்தப் புள்ளிகளில் ஒன்றிலிருந்து யாராவது பார்த்தால், நம் சூரியனும் வானத்தில் ஒரு புள்ளிதான். நாமும் அந்த வானத்தில்தான் இருக்கிறோம். பார்த்துவிட்டு, அந்த நூற்புத் தோழரைப் போல, நாம் பேசியதில் எங்கே பிழை என்று வந்து கேளுங்கள். அடுத்த மாதமும் நாம் படித்துவிட்டு வருகிறோம்.